சுவரில் தொங்கும் உலகப்படம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் பேரன் படிக்கும் வகுப்பறையில் தொங்கும் உலகப்படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்படுகின்றன. இத்தகைய படங்களைக் கைவிட வேண்டும் என்ற இயக்கத்துக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் 2025இல் ஆதரவு தெரிவித்ததாகச் செய்தியில் படித்தேன். நம் கண்டத்தை வேண்டுமென்றே சிறியதாக வரைந்தார்களா? (வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: வேண்டுமென்று செய்ததன்று, ஆயினும் விளைவு தாங்கள் கண்டதுதான். அது மெர்கேட்டர் முறையில் அமைந்த படமாக இருக்க வேண்டும். கெரார்டஸ் மெர்கேட்டர் என்பவர், இன்று ஜெர்மனியில் உள்ள டூயிஸ்பர்க் நகரில் வாழ்ந்தபோது, 1569இல் கடலோடிகளுக்காக அதை வெளியிட்டார். திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு செல்லும் கப்பலின் வழி அப்படத்தில் நேர்கோடாக விழும். மாலுமிக்கு ஒரு கோடு கிழித்தால் போதும். இந்த வசதி சும்மா கிடைக்கவில்லை. துருவங்களை நெருங்க நெருங்க ஒன்றுகூடும் தீர்க்கரேகைகளை அப்படம் இணைகோடுகளாக விரித்துவிடுகிறது. அதனால் நாடுகளின் வடிவம் கெடாதிருக்க வடக்கு தெற்காகவும் அதே விகிதத்தில் இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பூமத்திய ரேகையில் உள்ளபடி நிற்கும் பரப்பு, 30 பாகை அட்சரேகையில் 1.33 மடங்காகவும், 60 பாகையில் 4 மடங்காகவும், கிரீன்லாந்தின் நடுப்பகுதியான 72 பாகையில் 10 மடங்குக்கு மேலாகவும் பெருகுகிறது.

உண்மையில் ஆப்பிரிக்காவின் பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். அதாவது கிரீன்லாந்தைப் போல் 14 பங்கு. காங்கோ ஜனநாயகக் குடியரசு ஒன்றே கிரீன்லாந்தைவிடப் பெரியது. நமக்குப் பக்கத்திலுள்ள மடகாஸ்கரின் பரப்பு சுமார் 5,87,000 சதுர கிலோமீட்டர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் சேர்ந்த பிரிட்டன் தீவு சுமார் 2,09,000தான். மூன்று பங்குக்குச் சற்றே குறைவான இந்த வேறுபாட்டை மெர்கேட்டர் படம் அநேகமாக விழுங்கிவிடுகிறது. இரண்டு தீவுகளும் அதில் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்குக்கு அட்சரேகை மட்டுமே தெரியும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்ற பாகுபாடு தெரியாது. டர்பன் ஏறக்குறைய 30 பாகையில் இருப்பதால், நம் தென்னாப்பிரிக்காவும் காங்கோவை நோக்க மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஊதித்தான் தெரிகிறது. தமிழ்நாடோ நூற்றுக்கு நான்கு அளவே கூடுகிறது. எனினும் பெருத்த லாபம் வடக்கே உயர்ந்த அட்சரேகைகளில் உள்ள நாடுகளுக்கே என்பதில் ஐயமில்லை. கடலோடிக்கு உரிய படத்தை, நாடுகளின் பரப்பைக் கற்பிக்கும் சுவரில் மாட்டியவர்களையே நான் குறை சொல்வேன், மெர்கேட்டரை அல்ல.

பேரனிடம் ஓர் அடிக்கோலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பூமத்திய ரேகையிலிருந்து 30 பாகைக் கோடு வரை 10 சென்டிமீட்டர் என்றால், 30 முதல் 60 வரை 14 சென்டிமீட்டர் வந்தால் அது மெர்கேட்டர். இரண்டு இடைவெளிகளும் ஏறக்குறைய சமமாக இருந்தால், அது ராபின்சன் முறை போன்று, பரப்பிலும் வடிவத்திலும் சிறிது சிறிது விட்டுக்கொடுக்கும் ஒரு சமரசப் படமாக இருக்கலாம். பின்னது ஏழேகால் சென்டிமீட்டராகக் குறுகினால் அது, பரப்பைக் காக்கும் பீட்டர்ஸ் படம் (அடுத்த பதிலில் காண்க).

கேள்வி: அப்படியானால் சரியான படம் எது? (ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: தட்டைத் தாளில் அப்படி ஒன்று இருக்க முடியாது. உருண்டையின் மேற்பரப்பைச் சிறிதும் சிதைக்காமல் தட்டையாக்க இயலாது என்பது கார்ல் ஃபிரீட்ரிஷ் காஸ் 1827இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்தே தெளிவாகிவிட்டது. பரப்பைக் காத்தால் வடிவம் கெடும். வடிவத்தைக் காத்தால் பரப்பு கெடும். ஜெர்மானிய வரலாற்றாளர் ஆர்னோ பீட்டர்ஸ் 1973இல் முழக்கத்தோடு அறிமுகப்படுத்திய படம் பரப்பைக் காத்தது. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கால் 1855இலேயே அம்முறையைச் சொல்லிவிட்டார் என்பது அந்த முழக்கத்தில் அமுங்கிப்போனது. அப்படத்தில் பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நிலங்கள் குறுக்களவை நோக்க இரண்டு மடங்கு நீண்டுவிடுவதால், எந்த ஆப்பிரிக்காவுக்கு நியாயம் தேட வந்ததோ அதே ஆப்பிரிக்கா வற்றிப்போய்த் தொங்குகிறது. 2018இல் வெளிவந்த ஈக்குவல் எர்த் முறை பரப்பைக் காப்பதோடு வடிவத்தையும் பெருமளவு கண்ணுக்கு உறுத்தாமல் வைத்திருக்கிறது. ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரித்த இயக்கம் பரிந்துரைப்பதும் இதையே. வகுப்பறைச் சுவருக்கு இதையே சொல்வேன், மேசையில் ஒரு பூகோள உருண்டையும் இருக்குமானால்.

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சிட்னி செல்லும்போது, இருக்கைக்கு முன்னுள்ள திரையில் விமானத்தின் பாதை தெற்கே வளைந்து போகிறது. நேராகப் போகாமல் ஏன் இந்தச் சுற்று? (வாசகர், டொங்காட்)

பதில்: அது சுற்று அன்று, குறுக்கு வழி. உருண்டையின்மேல் இந்த இரு நகரங்களுக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 11,000 கிலோமீட்டர்; அவ்வழி ஏறக்குறைய 50 பாகை தெற்கு வரை இறங்கி ஏறும். மெர்கேட்டர் படத்தில் நேர்கோடாகத் தெரியும் வழியில் பறந்தால் 800 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகும். காற்றைப் பார்த்து அன்றன்றைக்குப் பாதை சற்று விலகுவதும் உண்டு.

கேள்வி: மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) புவியியலில் நாங்கள் பயன்படுத்தும் 1:50 000 அளவுள்ள நிலப்படங்களிலும் இந்தக் குளறுபடி இருக்கிறதா? (மாணவி, ஃபீனிக்ஸ்)

பதில்: இருக்கிறது, ஆனால் உன் அளவுகோலுக்கு அகப்படாது. மெர்கேட்டர் முறையில் பூமியைச் சுற்றிப் பூமத்திய ரேகையைத் தொட்டு நிற்பதாகக் கொள்ளும் உருளையைக் குறுக்காகக் கிடத்தி வரையப்பட்டவை அவை. காஸ் கன்ஃபார்ம் என்று பாடத்தில் வருவது அதுதான். ஒற்றைப்படைத் தீர்க்கரேகை ஒவ்வொன்றையும் நடுவாக வைத்து, இரண்டு பாகை அகலமுள்ள பட்டைகளாக நாட்டைப் பிரித்துக்கொள்வதால், பட்டையின் ஓரத்தில்கூட ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 11 சென்டிமீட்டரே கூடும். டர்பன் 31 பாகை நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் அங்கு அதுவும் இல்லை. ஒரு விந்தையையும் குறித்துக்கொள்: ஓர் இடத்தைக் குறிக்கும் தூரங்களை மற்ற நாடுகளில் பெரும்பாலும் கிழக்கும் வடக்கும் நோக்கி எண்ணுவதை, நம் நில அளவையர் மேற்கும் தெற்கும் நோக்கி எண்ணுகிறார்கள்.