வெளிநாட்டில் மழைக்காலத்தில் வாடகை ஃபிளாட்டுக்குக் குடிபோகிறேன். முதல் சில வாரங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெயில் காலத்தில் போய்ப் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான். எது ஒழுகும், எங்கே ஓதம் ஏறும் என்பதெல்லாம் மழையில்தான் தெரியும். அந்த வகையில் நீங்கள் சரியான நேரத்தில்தான் போகிறீர்கள்.

நானும் கொட்டும் மழையில்தான் குடிபோனேன். சாவியைக் கொடுத்துவிட்டு ஏஜென்ட் கிளம்பியதும், பெட்டியைக்கூடத் திறக்காமல் மொபைல் டார்ச்சோடு வீட்டைச் சுற்றினேன். ஜன்னல் மூலைகள், சிங்க் அடிப்பகுதி, குளியலறையை ஒட்டிய சுவர், சீலிங். படுக்கையறை சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. படம் எடுத்து அன்றிரவே வீட்டுக்காரருக்கு மெயில் அனுப்பினேன். "பழைய கறைதான், கவலை வேண்டாம்" என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டு வருடம் கழித்துக் காலி செய்தபோது அதே கறைக்கு டெபாசிட்டில் பணம் பிடிக்கப் பார்த்தார். அந்த ஒரு வரியைக் காட்டினேன், பேச்சு நின்றது. போனில் கேட்டிருந்தால் கதை வேறு.

அதைச் சரியாகச் செய்தவன் ஜன்னல் விஷயத்தில் கோட்டை விட்டேன். காற்றோட்டம் நல்லது என்று ராத்திரியெல்லாம் திறந்து வைத்தேன், பகலில் ஏசி போட்டேன். மூன்றாவது வாரம் ஷூவில் வெள்ளையாகப் பூசணம், அலமாரிக்குப் பின்னால் சுவரில் கருப்புப் புள்ளிகள். காரணம் பிறகுதான் புரிந்தது. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் கக்க ஆரம்பித்துவிடும். ஏசியில் 24 டிகிரிக்குக் குளிர்ந்து கிடக்கும் சுவர்மேல் அது பட்டால் சுவர் வியர்க்காமல் என்ன செய்யும்?

அடுத்து வேலை மாறிப் போன இடத்தில் குளிர்மழை. சூடு கண்ட பூனையாயிற்றே, ஜன்னலைத் தொடவே இல்லை. அங்கேயும் பூசணம்! குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. வெளியே 8 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்று, வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அங்கே தினமும் இரண்டு தடவை பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நான் மூடி வைத்து, சமையல் ஆவியையும் குளியல் ஆவியையும் உள்ளேயே சேர்த்து வைத்திருந்தேன்.

ஆகவே முதலில் உங்கள் மழை சூட்டு மழையா, குளிர்மழையா என்று பாருங்கள். சூட்டு மழை என்றால் ஜன்னலை மூடி ஏசியை ட்ரை மோடில் (ஈரத்தைக் குறைக்கும் செட்டிங்) ஓட்டுங்கள், அல்லது காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வையுங்கள். குளிர்மழை என்றால் திறந்து திறந்து மூடுங்கள். சோஃபா வாங்குவதற்கு முன் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். வீட்டுக்குள் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 30க்கும் 50க்கும் நடுவே இருக்கட்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

துணிதான் பெரிய தலைவலி. ஒரு மெஷின் துணியை ஹாலில் காயப்போட்டால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கும். குளியலறையில் போட்டு, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். கதவுக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும்.

அப்புறம், அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ் அடுக்க வேண்டாம். சாமான் வந்த அட்டைப் பெட்டிகளை அன்றைக்கே வெளியேற்றுங்கள், பூசணத்துக்கு அட்டை என்றால் விருந்து.

இவ்வளவுக்குப் பிறகும் புள்ளி வந்தால், துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரப்பதம் கட்டுக்குள் இருந்தும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், சுவருக்குள் எங்கேயோ தண்ணீர் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். துணியையும் பக்கெட்டையும் ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்காரருக்கு மெயில் போடுங்கள்.