துத்தநாக விரல்கள் மரபணுவை அடக்குவது எப்படி?

கேள்வி: 'துத்தநாக விரல்' எனப்படும் புரதங்கள் மரபணுக்களைக் கட்டுப்படுத்துவதாகப் படித்தேன். டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்வது துத்தநாகமா, புரதமா? வெறுமனே பற்றிக்கொள்வதால் ஒரு மரபணு எப்படி அடங்கும்?
— கல்லூரி மாணவி ஒருவர், திருநெல்வேலி

பதில்: பற்றுவது புரதம்தான்; துத்தநாகம் டி.என்.ஏ.வைத் தொடுவதே இல்லை. 1985-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஆரன் குளுக் என்னும் விஞ்ஞானியின் குழுவினர், ஸெனோபஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்களில் கிடைத்த ஒரு புரதத்தை ஆராய்ந்து, ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் அமைப்பு அதில் 9 முறை அடுத்தடுத்து வருவதைக் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரண்டும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இரண்டும் ஒரு துத்தநாக அயனியைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ள, சங்கிலி மடிந்து விரலாகிறது. இத்தனை சிறிய துண்டு உருக்குலையாமல் நிற்பதற்கு அந்த உலோகமே ஆதாரம்; அதை அகற்றிவிட்டால் மடிப்பும் போய்விடும், பற்றும் திறனும் போய்விடும்.

டி.என்.ஏ.வின் எழுத்துகளை, அதாவது அதன் காரங்களை, இனங்காண்பது விரலிலுள்ள குட்டைச் சுருள். 1991-இல் பாவ்லெடிச், பாபோ ஆகிய இரு விஞ்ஞானிகளும் ஸிஃப்268 என்ற எலிப் புரதம் டி.என்.ஏ.வோடு பிணைந்திருக்கும் அமைப்பை எக்ஸ் கதிர்ப் படிகவியலின் வழியே வெளியிட்டார்கள். அதன் மூன்று விரல்களும் டி.என்.ஏ. இரட்டைச் சுருளின் அகன்ற பள்ளத்தினுள் வரிசையாகப் படிந்து, ஒவ்வொன்றும் மூன்று கார இணைகளைத் தொட்டுக்கொண்டிருந்தன. விரலின் சுருளில் குறிப்பிட்ட இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்தால் அது குவானின் என்ற டி.என்.ஏ. எழுத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும். அந்த இடத்து அமினோ அமிலம் மாறினால் விரல் நாடும் எழுத்தும் மாறக்கூடும். மனிதரில் இவ்வகைப் புரதங்கள் 700-க்கும் மேல் இருந்தும் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தைத் தேடிக்கொள்வது இதனால்தான்.

உங்கள் இரண்டாவது ஐயம் மிகச் சரியானது. விரல் இடத்தைக் காட்டுகிறது. அந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை, புரதத்தின் மற்றப் பகுதிகளும் அவை அழைத்துவரும் துணைப் புரதங்களுமே முடிவு செய்கின்றன. பி.சி.எல்.11ஏ என்ற புரதத்தை இதற்கு மிகத் தெளிவான சான்றாகக் கருதுகிறேன். கருவிலிருக்கும் குழந்தைக்கு உதவும் ஹீமோகுளோபினின் காமா குளோபின் மரபணுவுக்குச் சற்று முன்னுள்ள இடத்தில் இதன் விரல்கள் அமர்கின்றன. பிறகு வந்துசேரும் துணைப் புரதங்கள் அப்பகுதி டி.என்.ஏ.வை இறுக்கமாகச் சுருட்டச் செய்வதால், பிறந்த பின் அந்த மரபணு படிப்படியாக அடங்குகிறது. பிறந்த பின் உருவாகும் ஹீமோகுளோபினில் பழுதுள்ள அரிவாள் செல் சோகை, பீட்டா தலசீமியா நோயாளிகளுக்கு அதே மரபணு மீண்டும் விழிப்பது பெரும் நன்மை. எனவே நோயாளியின் இரத்தத் தண்டுச் செல்களை எடுத்து, பி.சி.எல்.11ஏ உற்பத்தியைத் தூண்டும் ஒரு டி.என்.ஏ. பகுதியைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் வெட்டித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டன் முதன்முதலாக ஒப்புதல் அளித்தது. பிற செல்களுக்கும் இப்புரதம் தேவை என்பதால், சிவப்பணுக்களாக வளரும் செல்களில் மட்டும் செயல்படும் தூண்டற்பகுதியையே தேர்ந்தெடுத்து வெட்டுகிறார்கள்.