நீஸ் கடற்கரைக்குக் குடும்பத்தோடு: முன்பணம், மணல், மேசைத் தண்ணீர் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால், இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிரான்சின் தென்கிழக்குக் கடற்கரையைப் பற்றியவை. கான் நகரிலிருந்து நீஸ், மொனாக்கோ வழியாக இத்தாலிய எல்லையிலுள்ள மந்தோன் வரை நீளும் இந்தக் கரையைக் கோட் தஸூர் என்கிறார்கள். செலவு மிகுந்த இடம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் அங்கே எது பொதுச்சொத்து, எது விலைக்கு விற்கப்படுவது என்று தெரிந்துகொண்டு போகிற குடும்பத்துக்குச் செலவு கணிசமாகக் குறையும் என்பதால், கேள்விகளைத் தொகுத்துச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். அக்கா குடும்பத்தையும் சேர்த்து ஏழு பேர் ஆகஸ்டில் ஒரு வாரம் நீஸில் வீடு எடுக்க விரும்புகிறோம். இணைய விளம்பரத்தில் பார்த்த வீட்டின் உரிமையாளர், மொத்த வாடகையில் மூன்றில் ஒரு பங்கை உடனே வங்கி வழியாக அனுப்பச் சொல்கிறார். பிறகு போக முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? 14 நாளுக்குள் எதையும் ரத்துச் செய்யலாம் என்கிறார் அத்தான்.

பதில்: அத்தான் சொல்வது துணிமணிக்கும் கைபேசிக்கும் பொருந்தும், குறித்த தேதிகளுக்குப் பதிவு செய்யும் தங்குமிடத்துக்குப் பொருந்தாது. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையிலிருந்து விடுமுறைத் தங்குமிடங்களைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே பணத்தை அனுப்பிவிட்டு யோசிப்பதற்கு இங்கே இடமில்லை.

உங்கள் பணத்தின் கதி, ஒப்பந்தத்தில் அதற்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘ஆர்’ என்று எழுதியிருந்தால், நீங்கள் பின்வாங்கும்போது அந்த முன்பணத்தை மட்டும் இழப்பீர்கள். மாறாக, வீட்டுக்காரர் பின்வாங்கினால் வாங்கியதைப் போல இரு மடங்கு அவர் உங்களுக்குத் தரவேண்டும். ‘அகோம்த்’ என்று எழுதியிருந்தால் அது முழு வாடகையின் முதல் தவணையாகவே கொள்ளப்படும். நீங்கள் போகாவிட்டாலும் மீதியையும் அவர் கேட்க முடியும். வணிக நிறுவனம் ஒன்றிடம் பதிவு செய்து, ஒப்பந்தம் இதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், நுகர்வோர் சட்டம் அதை ‘ஆர்’ என்றே எடுத்துக்கொள்ளும். தனி உரிமையாளரிடம் இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. எனவே எழுத்தில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். ஏழு பேர் சேர்ந்து போகும் பயணத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் திட்டம் மாறக்கூடும் என்பதால், ‘ஆர்’ என்று எழுதித் தர மறுப்பவரைவிட, எழுதித் தருகிற, சற்றுக் கூடுதல் வாடகை கேட்பவரே உங்களுக்கு மலிவு என்பது என் கருத்து.

அடுத்து, அந்த வீடு உண்மையில் இருக்கிறதா என்பது. நீஸில் குறுகிய கால வாடகைக்கு விடப்படும் வீட்டுக்கு நகராட்சிப் பதிவு எண் இருக்கவேண்டும், அதை விளம்பரத்திலும் காட்டவேண்டும், அதைக் கேளுங்கள். வீட்டின் பரப்பு, அறைகள், மாடி எண், மின்தூக்கி, குளிர்சாதனம் ஆகியவற்றை எழுத்து மூலம் விவரித்து முன்கூட்டியே தருவது வாடகைக்கு விடுபவரின் கடமை. பழைய நீஸின் குறுகிய சந்துகளில் உள்ள வீடுகளில் பல, மின்தூக்கி இல்லாத நான்காம், ஐந்தாம் மாடிகள் என்பதைக் குழந்தை வண்டியோடு போகிறவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரப் படங்களை இணையத்தில் படத்தேடல் மூலம் தேடிப் பாருங்கள்; அதே வரவேற்பறை வேறொரு ஊரில் வேறொரு பெயரில் தென்பட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவுத் தளத்தை விட்டு வெளியே வந்து நேரடியாக அனுப்பினால் விலை குறையும் என்று ஒருவர் சொல்கிறபோது, அந்தத் தளம் தரும் பாதுகாப்பு முழுவதையும் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். வாடகைக்கு மேல் துப்புரவுக் கட்டணம், படுக்கை விரிப்புக் கட்டணம், ஓர் இரவுக்கு ஒரு பெரியவர் என்று கணக்கிடப்படும் சுற்றுலா வரி ஆகியவை சேரும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த வரி கிடையாது. எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் இரண்டு வீடுகளை ஒப்பிட வேண்டும்.

கேள்வி: கடற்கரையில் சாய்வு நாற்காலிக்குப் பணம் கட்டினால்தான் உட்கார விடுவார்கள் என்று கேள்விப்பட்டோம். உண்மையா? எங்களுக்குச் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: உண்மையல்ல. பிரான்சில் கடற்கரை பொதுமக்களின் இலவசப் பயன்பாட்டுக்கு உரியது என்று 1986ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் சொல்கிறது. இயற்கையான கடற்கரையில் குறைந்தது 80 விழுக்காடும், செயற்கையாக அமைத்த கடற்கரையில் குறைந்தது பாதியும் திறந்த பகுதியாக இருக்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் ஆணை வரையறுத்தது. நாற்காலியும் குடையும் போட்டிருக்கும் பகுதி, அரசிடம் குத்தகைக்கு எடுத்தது மட்டுமே. அங்கும் நீரோரமாக யாரும் நடந்து போக வழி விட்டாக வேண்டும். துண்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள பொதுப் பகுதிக்குப் போய் உட்காருங்கள். ஒருவரும் உங்களை எழுப்ப முடியாது.

பிள்ளைகளை முன்னிட்டு இன்னொன்று சொல்ல வேண்டும். நீஸ் நகரக் கடற்கரை முழுவதும் உள்ளங்கை அளவுள்ள வழுவழுப்பான சாம்பல் நிறக் கூழாங்கற்கள்; மணல் இல்லை. வெறுங்காலோடு நடப்பதே பெரியவர்களுக்குச் சிரமம். நீரில் இறங்கிய சில அடிகளிலேயே ஆழமும் வந்துவிடும். பிள்ளைகளுக்கு ரப்பர்க் காலணி வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ரயிலேறி மணற்கரைக்குப் போய்விடுங்கள். வில்ஃப்ரான்ஷ் நிலையத்துக்கு நேர் கீழே இருக்கும் மரினியேர் கடற்கரையும், அந்தீப் பழைய நகரின் கோட்டைச் சுவரை ஒட்டிய கிராவெத் கடற்கரையும் பிள்ளைகளுக்கு ஏற்றவை.

கேள்வி: நாங்கள் மூவர் சைவம். அந்தப் பக்கத்தில் எல்லாமே மீன்தான் என்கிறார்கள். உணவகக் கட்டணத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

பதில்: மீன் உண்டு, ஆனால் நீஸின் பழைய உணவு ஏழை உழவர்களின், மீனவர்களின் உணவு. அதில் கடலையும் காய்கறியும் நிறைய. முதலில் சொக்காவைத் தேடுங்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றைக் கரைத்து, ஒரு மீட்டர் அளவுக்கு அகன்ற செப்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, விறகடுப்பின் உள்ளே தள்ளுவார்கள். சில நிமிடங்களில் விளிம்பு கருகி, மேற்பரப்பு கொப்புளித்து வெளியே வரும். கரண்டியால் கிழித்துத் தாளில் போட்டு, மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக் கையில் தருவார்கள். நம் கடலை மாவு அடைக்கு மிக அருகில் வரும் இந்தத் தின்பண்டத்தில் முட்டையும் இல்லை, மீனும் இல்லை. ஆறினால் தோல்போல ஆகிவிடும் என்பதால், தட்டு அடுப்பிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து வரிசையில் நில்லுங்கள்.

கவனம் தேவைப்படும் பெயர்களும் உண்டு. பிஸ்ஸலதியேர் வெறும் வெங்காய ரொட்டிபோலத் தெரியும். அதில் நெத்திலி வகை மீன் இருக்கும். நீஸ் சாலடிலும், அதையே வட்ட ரொட்டிக்குள் வைத்த பான் பன்யாவிலும் மீனும் முட்டையும் இருக்கும். காய்கறிக்குள் அடைத்துச் சமைக்கும் ஃபார்சியில் பெரும்பாலும் இறைச்சி. காய்கறியும் துளசியின் உறவான பாசிலும் சேர்ந்த பிஸ்து சூப்பை, இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு வாங்கலாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, விலைப்பட்டியலை உணவகத்துக்கு வெளியே ஒட்டவேண்டும் என்பது விதி. அந்த விலையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்கும். ரசீதின் அடியில் சேவைக்கென்று தனித் தொகை சேர்த்திருந்தால் நீங்கள் மறுக்கலாம். அன்பளிப்பு உங்கள் விருப்பம். சாப்பிட உட்கார்ந்தவருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசம்; அது கிடைக்கும் என்பதை உணவகங்கள் பார்வையில் படும்படி எழுதி வைக்கவேண்டும் என்பது 2022 முதல் கட்டாயம். ‘தண்ணீர்’ என்று மட்டும் கேட்டால் புட்டித் தண்ணீர் வரும், ஏழு பேருக்கு அது ஒரு சாப்பாட்டின் விலை. ‘கராஃப் தோ’ என்று கேளுங்கள். சட்டிக்கு மேல் வீட்டுக் கூரை வரைந்த சின்னம் பட்டியலில் இருந்தால் அந்த உணவு அங்கேயே சமைக்கப்பட்டது என்று பொருள். 2014இல் வந்த இந்தச் சின்னத்தைக் கடலோர வீதிகளில் தேடிப் பார்த்து உட்காருவது நல்லது.

கேள்வி: சென்னையிலிருந்து என் பெற்றோரை அழைத்து, பாரிஸில் எங்களோடு தங்கவைத்து, பிறகு நீஸுக்கு அழைத்துச் செல்ல எண்ணம். காப்பீட்டிலும் விமானச் சீட்டிலும் எதைக் கவனிக்கவேண்டும்?

பதில்: முதலில் விசா. உங்கள் வீட்டில் தங்கும் நாட்களுக்கு, உங்கள் நகராட்சியிலிருந்து வரவேற்புச் சான்றிதழ் பெற்று அனுப்பவேண்டும், அதற்கு முத்திரைக் கட்டணம் உண்டு. நீஸில் தங்கும் நாட்களுக்குத் தங்குமிடப் பதிவைத் தனியே காட்டுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ. விண்ணப்பத்தை வாங்கும் இடைத்தரகு மையத்தின் கட்டணம் அதற்கு மேல்.

காப்பீட்டில்தான் பெற்றோர் விஷயத்தில் பலர் நட்டப்படுகிறார்கள். விசாவுக்கு வேண்டியது குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு. ஆனால் விசாவுக்குப் போதுமான காப்பீடு, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள 70 வயதுக்காரருக்குப் போதுமானதாக இருக்கும் என்பதில்லை. ஏற்கெனவே உள்ள நோயால் ஏற்படும் அவசர சிகிச்சை அடங்குமா என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். அது இல்லாத மலிவுக் காப்பீட்டைப் பெற்றோருக்கு வாங்கவேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

விமானத் தாமதத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதி, தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ இழப்பீடு தருகிறது. வளைகுடா நிறுவனம் ஒன்றில் சென்னையிலிருந்து வரும் வழியில் இது பொருந்தாது. ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் பொருந்தும். திரும்பும்போது பிரான்சில் ஏறுவதால் எந்த நிறுவனமாயினும் பொருந்தும். ஒரே பதிவில் வாங்கிய சீட்டென்றால் இறுதியாகச் சென்னையில் இறங்கும் நேரமே கணக்கு. அங்கே 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் கோரலாம். 4 மணி நேரத்தைத் தாண்டாவிட்டால் தொகை பாதியாகலாம். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம், கடும் வானிலை போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை. அப்போதும் சாப்பாடும் தேவைப்பட்டால் விடுதியும் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. தனித்தனியாக வாங்கிய சீட்டுகளில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் பொறுப்பேற்க எவரும் இல்லை. நீஸில் இந்திய அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று இயந்திரம் கேட்டால் யூரோவைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள்; ரூபாய் என்றால் அந்த மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் இயந்திரமே தீர்மானிக்கும்.

கேள்வி: அங்கே கார் வாடகைக்கு எடுக்கவேண்டுமா? இத்தாலிச் சந்தைக்கும் போக ஆசை.

பதில்: வேண்டாம். கோடையில் நிறுத்துமிடம் தேடும் நேரமும், கடன் அட்டையில் முடக்கிவைக்கும் பெருந்தொகையும், கீறலுக்கு எழும் வாக்குவாதமும் உங்கள் விடுமுறையைத் தின்றுவிடும். கரையை ஒட்டியே ரயில் ஓடுகிறது. நீஸிலிருந்து மொனாக்கோ ஏறக்குறைய 25 நிமிடம், இத்தாலியின் வென்டிமிக்லியா ஒரு மணி நேரத்துக்குள். இத்தாலி நோக்கிப் போகும்போது வலப்பக்க இருக்கையில் அமர்ந்தால் கடல் தெரியும். எஸ் கிராமத்துக்கு மட்டும் ரயிலை நம்பாதீர்கள். எஸ் என்ற பெயருடைய நிலையம் கடல் மட்டத்தில் இருக்கிறது, கிராமமோ ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில்; பெரியவர்களோடு நீஸிலிருந்து பேருந்தில் போங்கள்.

வென்டிமிக்லியாவில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடுகிறது. திரும்பும் ரயிலில் மந்தோன் எல்லையில் காவல்துறை சோதனை வழக்கமானது. ஷெங்கன் பகுதிதானே என்று எண்ணி, கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நடைபாதையில் விற்கும் போலிப் பெயர்க் கைப்பைகளைத் தொடவேண்டாம். இத்தாலியில் வாங்குபவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம்.

கேள்வி: ஊருக்கு எடுத்துப்போக என்ன வாங்கலாம்? வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், ஒரே கடையில் மூன்று நாளுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறலாம். படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்கி, பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன் விமான நிலையத்திலுள்ள சுங்க இயந்திரத்தில் பதிவு செய்யவேண்டும். பிரான்சில் வசிக்கும் உங்களுக்கு இது கிடைக்காது. இந்தியாவிலிருந்து பெற்றோர் வந்திருந்தால், அவர்கள் பெயரிலும் கடவுச்சீட்டிலும் அவர்களே வாங்கவேண்டும். கிராஸ் நகரில் வாசனைத் திரவியம், நீஸின் பாதுகாக்கப்பட்ட பெயர் முத்திரையுள்ள ஆலிவ் எண்ணெய் ஆகியவை தகுந்தவை. மந்தோன் எலுமிச்சைக்கு 2015 முதல் புவிசார் குறியீடு உண்டு. எலுமிச்சைப் பொருள் விற்கும் புட்டியில் ஊரின் படம் மட்டும் இருந்து அந்தக் குறியீடு இல்லாவிட்டால், உள்ளே இருப்பது எந்த ஊர் எலுமிச்சையாகவும் இருக்கலாம்.

கேள்வி: இரண்டு பிள்ளைகள், ஒருவர் சம்பளம். எங்களால் போக முடியுமா?

பதில்: முடியும். குடும்ப நல நிதியமான காஃப், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ‘வகாஃப்’ என்ற திட்டத்தில், அங்கீகரித்த முகாம்களிலும் விடுமுறைக் கிராமங்களிலும் செலவின் ஒரு பகுதியை ஏற்கிறது. தகுதி வரம்பு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான் என்பதால், உங்கள் காஃப் கணக்கில் நுழைந்து ஆண்டின் தொடக்கத்திலேயே பாருங்கள். வேலை செய்யும் நிறுவனத்தின் பணியாளர் குழு விடுமுறைக் காசோலை தருகிறதா என்றும் விசாரியுங்கள். ரயில் சீட்டுக்கும் அதைக் கொடுக்கலாம். பள்ளி விடுமுறை தொடங்கும் ஜூலை முதல் வாரத்தில் போனால், ஆகஸ்ட் நடுப்பகுதியைவிட முகாம் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.