படகில் வந்தவர்களும் பத்தி எழுதுகிறவரும்

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளிதழில், வாராவாரம் பத்தி எழுதும் ஒருவர், அரிச்சல்முனைக்குப் படகேறி வந்த இலங்கைத் தமிழர்களைப் பற்றி எழுதியதைப் படித்தீர்களா? ‘கரை ஒதுங்கும் குப்பை’ என்கிறார். முகாமுக்குப் போனால் ஆளுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் கிடைக்கிறதாம். எங்கள் பகுதி மீனவர்களில் பாதிப்பேர் காசு வாங்கிக்கொண்டு ஆள் கடத்துகிறார்களாம். இங்கிலாந்தில் இப்படி எழுதிய ஒரு பெண்ணைப் பத்திரிகையை விட்டே துரத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இங்கே பிரஸ் கவுன்சில் இவரைத் தடை செய்யாதா? எழுதுகிறவர்கள் எல்லாம் ஒரே தொழில் என்பதால்தான் நீங்களும் பேசாமல் இருக்கிறீர்களா? கோபத்தில் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

பெயர் போட வேண்டாம்,
தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பிக்கு,

தப்பாக நினைக்கவில்லை. அந்தப் பக்கத்தின் படம் உங்கள் கடிதத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எனக்கு வந்துவிட்டது. அந்தப் பத்திரிகையை வாங்காதவர்கள் வீட்டுக்கும் அதைத் திட்டித் திட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நம் ஆட்கள்தான். அவருக்கும் அதுதானே வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட பெண் கேட்டி ஹாப்கின்ஸ். 2015 ஏப்ரல் 17 அன்று ‘தி சன்’ நாளிதழில் எழுதினார். மத்தியதரைக் கடலில் படகேறி வரும் அகதிகளைக் கரப்பான் பூச்சிகளோடு ஒப்பிட்டார். மீட்புப் படகு எதற்கு, பீரங்கிப் படகை அனுப்புங்கள் என்றார். பிணங்கள் மிதக்கும் படத்தைக் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை என்றும் எழுதினார். மறுநாள் இரவு லிபியாவிலிருந்து கிளம்பிய ஒரு படகு கவிழ்ந்து சுமார் 800 பேர் செத்தார்கள். ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர் சைத் ராத் அல் ஹுசைன் வெளிப்படையாகவே கண்டித்தார். நாஜிப் பத்திரிகைகளும் ருவாண்டாவில் படுகொலையைத் தூண்டியவர்களும் இதே கரப்பான் பூச்சியைத்தான் கையில் எடுத்தார்கள் என்று நினைவூட்டினார். ஹாப்கின்ஸை நீக்கச் சொல்லி மூன்று லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் யாரும் துரத்தவில்லை தம்பி. சில மாதம் கழித்து அவராகவே மெயில் ஆன்லைனுக்குத் தாவினார். இங்கிலாந்தில் பத்திரிகைகள் மேல் வரும் புகாரைக் கேட்க ‘இப்ஸோ’ என்று ஒரு அமைப்பு உண்டு. ஃபோன் ஒட்டுக்கேட்டு மாட்டிக்கொண்ட ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ 2011-இல் மூடப்பட்டு, அதையொட்டி விசாரணையெல்லாம் நடந்த பிறகு, 2014-இல் பத்திரிகைகளே சேர்ந்து வைத்துக்கொண்டது. கரப்பான் பூச்சிப் புகார் அங்கே போனது. பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதி தனி ஆளுக்குத்தான் பொருந்தும், கூட்டத்துக்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டார்கள்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஹாப்கின்ஸ் அகப்பட்ட இடங்களைப் பாருங்கள். அமெரிக்காவுக்குச் சுற்றுலா கிளம்பி விமான நிலையத்திலேயே நிறுத்தப்பட்ட ஒரு பிரிட்டிஷ் முஸ்லிம் குடும்பத்தைத் தீவிரவாதிகளோடு முடிச்சுப்போட்டு எழுதினார். அதற்கு மெயில் ஆன்லைன் 1,50,000 பவுண்டு கொடுத்து மன்னிப்பும் கேட்டது. ஜாக் மன்றோ என்ற சமையல் எழுத்தாளரைப் பற்றி ட்விட்டரில் தவறாகப் போட்டதற்கு, 2017 மார்ச்சில் நீதிமன்றம் 24,000 பவுண்டு நஷ்டஈடு கட்டச் சொன்னது. இன்னொருவர், டிவி தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன், 2022 டிசம்பரில் அதே ‘தி சன்’னில் இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் மார்க்கலைப் பற்றி அருவருப்பாக எழுதினார். 25,000 புகார்களுக்கு மேல் குவிந்தன. அடுத்த ஆண்டு இப்ஸோ அதைப் பெண்களை இழிவுபடுத்தும் எழுத்து என்றே தீர்ப்பளித்தது. மூன்றிலும் பாதிக்கப்பட்டவருக்குப் பெயரும் முகவரியும் வக்கீலும் இருந்தார்கள். கடலில் மிதந்தவர்களுக்கு எது இருந்தது? ஒருத்தரைத் திட்டினால் வழக்கு, ஒரு கூட்டத்தையே திட்டினால் கருத்துச் சுதந்திரம் என்று ஆகிவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். பிரஸ் கவுன்சில் 1966-இல் வந்தது, நெருக்கடி நிலையில் கலைக்கப்பட்டது, 1978 சட்டத்தில் திரும்ப வந்தது. அதனால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும். அபராதம் போட முடியாது, யாரையும் எழுதாதே என்று தடுக்கவும் முடியாது. முடியாமல் இருப்பதே நல்லது என்பேன். அந்த அதிகாரம் வந்தால் முதலில் வாயடைக்கப்படுவது இந்த மாதிரி ஆளாக இருக்காது, மீனவர் பிரச்சினையை எழுதும் உள்ளூர் நிருபராகத்தான் இருக்கும்.

போலீஸில் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். நம் சட்டத்தில் கூட்டத்துக்கும் பாதுகாப்பு உண்டுதான். பழைய தண்டனைச் சட்டத்தில் 153ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 196. அந்தப் பக்கம் போக வேண்டாம். வழக்குப் போட்டால் அவர் அடுத்த வாரமே தியாகி. தவிர, நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பிரஸ் கவுன்சிலும் புகாரை எடுக்காது.

எனக்கு அந்தப் பத்தி எழுதுகிறவர் மேல் பெரிய கோபம் இல்லை. அவர் சரக்கு அதுதான், அதைத்தான் விற்கிறார். ஆனால் ஒரு பத்தி தானாக நடந்துபோய் அச்சில் ஏறுவதில்லை. ஒருவர் வாங்கிப் படிக்கிறார், ஒருவர் பிழை திருத்துகிறார், ஒருவர் தலைப்புப் போடுகிறார். அந்தப் பக்கத்தில் ‘குப்பை’ பெரிய எழுத்தில் தலைப்பில் இருந்ததைக் கவனித்தீர்களா? அனேகமாக அது அவர் போட்டதாக இருக்காது, டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் போட்டது. பேப்பரின் கடைசிப் பக்கத்தில் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் பொடி எழுத்தில், அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியவர். ‘இக்கட்டுரையில் உள்ளவை கட்டுரையாளரின் சொந்தக் கருத்துகள்’ என்று ஒரு வரியைப் போட்டுவிட்டுக் கை கழுவுவது நம் பத்திரிகைகளின் பழைய பழக்கம். அந்த வரியை நான் மதிப்பதே இல்லை.

சரி, எதைக் கேட்பது? ‘குப்பை’யைக் கேட்டால் அது என் கருத்து என்பார்கள். அதை விட்டுவிடுங்கள், பத்தாயிரத்தைப் பிடியுங்கள். அது கருத்து இல்லை, கணக்கு. 2021-இல் தமிழக அரசு உயர்த்திக் கொடுத்த பிறகும் முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்றுதான் அறிவிப்பு. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் 3,500. ஆளுக்குப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? எந்த அரசாணை? இதற்குக் கருத்துச் சுதந்திரத்தைப் பதிலாகச் சொல்ல முடியாது.

‘பாதிப்பேர்’ அடுத்தது. இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் கரையிலிருந்து கடல் அட்டையும் பீடி இலையும் அக்கரைக்குப் போவது ஊருக்கே தெரியும், இல்லை என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் 2022 மார்ச்சில் முதலில் வந்தவர்கள் கைக்குழந்தையோடு அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் மணல் திட்டில் கிடந்தார்கள். கடலோரக் காவல் படைதான் போய் அழைத்து வந்தது. இரவில் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியது பெரும்பாலும் அக்கரைப் படகுகள். பாதிப்பேர் என்று எழுதியவர் எந்த வழக்கை, எந்த எண்ணிக்கையை வைத்து எழுதினார் என்று கேளுங்கள்.

ஒரே தொழில் என்பதால் பேசாமல் இருக்கிறோமா என்கிறீர்கள். அப்படி இருப்பவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அந்தப் பேப்பரில் தன் புத்தக மதிப்புரை வர வேண்டும். எனக்கு அங்கே ஒன்றும் ஆக வேண்டியதில்லை.

முதலில் ஆசிரியருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். இந்த இரண்டு விஷயம் மட்டும், ஒரு பக்கத்துக்குள். திட்டு ஒன்றுகூட வேண்டாம். திருத்தம் போடச் சொல்லுங்கள், அதுவும் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே பக்கத்தில். பதில் வராவிட்டாலோ மழுப்பினாலோ பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ் என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். ஆசிரியருக்கு எழுதியதன் நகல், பத்தியின் நகல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் கேட்பார்கள். நகலுக்கு உங்கள் கடை இருக்கிறது, மொழிபெயர்ப்பை நான் செய்து தருகிறேன். முழுப் பக்கமாக எடுங்கள், மேலே பத்திரிகைப் பெயரும் தேதியும் தெரியட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் தேதி வெட்டுப்பட்டிருக்கிறது, அது உதவாது. கையெழுத்து உங்களுடையது மட்டும் போதும். ஆனால் மீனவர் சங்கத்தில் யாராவது தங்கள் லெட்டர்ஹெட்டில் தனியாக ஒன்று அனுப்பினால் இன்னும் நல்லது.