ஒரே செடி, ஒரே மாநிலம். குடும்பத்துக்குக் குடும்பம் மெஸ்கால் சுவை மாறுவது ஏன்?

செடி ஒன்றாக இருந்தாலும் கைப்பக்குவம் ஒன்றல்ல என்பதுதான் காரணம். மெஸ்கால், நம் ஆனைக்கற்றாழை இனத்தைச் சேர்ந்த செடிகளிலிருந்து வடிக்கப்படும் மெக்சிகோ மது. ஒஹாக்கா மாநிலத்தில் 'பலென்கே' எனப்படும் சிறு வடிசாலைகளைப் பெரும்பாலும் குடும்பங்களே நடத்துகின்றன.

அதிகம் பயன்படும் எஸ்படின் வகைச் செடி முதிர 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். மடல்களைச் சீவி, கிழங்கு போன்ற நடுப்பகுதியை, விறகிட்டுச் சூடேற்றிய கல் குழியில் போட்டு மண்மூடிப் பல நாட்கள் வேகவைப்பார்கள். புகைமணம் வருவது இங்கிருந்துதான். பிறகு குதிரை இழுக்கும் கல் உருளையால் நசுக்கி, திறந்த மரத்தொட்டியில் ஊறல் போடுவார்கள். பலர் ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை; அந்த இடத்துக் காற்றிலும் தொட்டியிலும் உள்ள நுண்ணுயிர்களே புளிக்கவைக்கின்றன. என்னைக் கேட்டால், சுவை பிரியும் முக்கியமான இடம் இதுவே. அடுத்த வீட்டு ஊறல்கூட வேறாகிவிடும்.

வடிப்பது வழக்கமாக இருமுறை. செப்பு வாலை, அதாவது செம்பாலான வடிகலம், பரவலானது. சாந்தா கத்தரினா மினாஸ் ஊரில் இன்றும் மண்பானையில் வடிக்கிறார்கள். இவ்வேறுபாட்டை மதித்தே, மெக்சிகோவின் 2016ஆம் ஆண்டு விதிகள் மெஸ்கால், கைவினை மெஸ்கால், மூதாதையர் மெஸ்கால் என மூன்று வகை பிரித்தன.

வீரியம் பார்க்கும் முறை அழகானது. குழாயால் உறிஞ்சி, சுரைக்குடுக்கையில் மெல்ல ஊற்றுவார்கள். எழும் குமிழிகள் முத்துப்போல் சற்று நேரம் நின்றால், மதுவில் ஆல்கஹால் ஏறக்குறைய 50 சதவீத அளவில் இருக்கிறது என்று பொருள்.