வாங்கும் முன், வாங்கிய பின்: கையோடு வந்த உள்கண்ணாடி

கேள்வி: காரை வாசலில், வெயிலில்தான் நிறுத்துகிறேன். உள்ளே இருக்கும் ரியர் வியூ மிரர் கழன்று விழுந்துவிட்டது. சூப்பர் க்ளூ போட்டு இரண்டு முறை ஒட்டியும் நிற்கவில்லை. முன்கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். மிரரைத் தாங்கும் பட்டனோடு முன்கண்ணாடிச் சில்லும் பெயர்ந்து வந்திருந்தால்தான் அந்தப் பேச்சு.

முதலில், எது கழன்றது என்று பாருங்கள். முன்கண்ணாடியில் ஒரு சின்ன உலோகப் பட்டன் ஒட்டியிருக்கும். மிரரின் தண்டு அதில்தான் மாட்டுகிறது. பட்டன் அங்கேயே இருந்தால், பல கார்களில் தண்டில் உள்ள குட்டித் திருகை முறுக்கினாலே வேலை முடிந்தது.

பட்டனே விழுந்திருந்தால் சூப்பர் க்ளூவை மறந்துவிடுங்கள். அது காய்ந்ததும் மொறுமொறுப்பாகிவிடும். வெயிலில் உலோகமும் கண்ணாடியும் வேறு வேறு அளவில் விரியும், வண்டியின் அதிர்வும் சேரும், பசை உடைந்துவிடும். 'ரியர் வியூ மிரர் பசை' என்றே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஆக்டிவேட்டர் (பசையை இறுகச் செய்யும் திரவம்) ஒன்று, பசை ஒன்று என இரண்டு பொருளாக இருக்கும்.

பட்டன் இருந்த இடத்தைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள். பழைய பசையை பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். பட்டனையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே என்று முன்பே போட்டோ எடுத்து வையுங்கள்; தலைகீழாக ஒட்டினால் தண்டு ஏறாது. ஆக்டிவேட்டரைத் தடவி, அது காய்ந்ததும் ஒரு சொட்டுப் பசை போதும், ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காலையில், நிழலில் செய்யுங்கள். மிரரை மறுநாள் மாட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மிரர் பசை உறைந்து போயிருந்தது. டப்பாவையும் பில்லையும் அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன். பணம் கிடைக்குமா?
– வாசகர், புதுவயல்

பதில்: பில்லை அந்தத் தளத்திலேயே மறுபடி எடுக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஆனால் பிரித்துப் பார்க்கும் முன்பே டப்பாவை ஏன் எறிகிறீர்கள்? மாதாமாதம் இதே கடிதம் வருகிறது.

கேள்வி: மகன் வெளிநாட்டில். காருக்கு கேமரா வைத்த மிரர் மாட்டிக்கொள்ளச் சொன்னான். கடைக்காரர் பழைய மிரரின் மேலேயே மாட்டினார். பதினைந்தே நாளில் எல்லாமாகச் சேர்ந்து விழுந்து உடைந்தது. துண்டுச்சீட்டைக் காட்டி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்கிறார்.
– ஆச்சி ஒருவர், தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பட்டன் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்து மாட்டுவது கடைக்காரர் வேலை. நானும் திருச்சியில் ஓர் அகலக் கண்ணாடி வாங்கி மிரரின் மேல் மாட்டினேன். மூன்றாம் மாதம் பட்டனோடு கழன்றது. பில் கேட்காமல் வந்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

'திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைக் கடைக்குக் கடை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் நம் ஆட்கள் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அப்படித்தான். விலை போட்டு, கடை பெயர் போட்டு, தேதி போட்டு பில் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

துண்டுச்சீட்டையும் உடைந்த மிரரையும் பத்திரமாக வையுங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அப்புறம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

கேள்வி: மிரருக்குப் பின்னால் வயரும் மழை சென்சாரும் இருக்கிறது. நானே ஒட்டலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: நாளை மதுரையில் கல்யாணம். பக்கக் கண்ணாடிகளை மட்டும் வைத்து ஓட்டிப் போகலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: கூடாது. இடப்பக்கக் கண்ணாடி குவிந்தது. பின்னால் நெருங்கிவிட்ட லாரியைத் தூரத்தில் இருப்பதாகக் காட்டும். பஸ்ஸில் போய் வாருங்கள், வந்து ஒட்டிக்கொள்ளலாம்.