வளர்ப்பு நாய்க்குக் காப்பீடு எடுப்பது பயனுள்ளதா?

இரண்டு வயது லாப்ரடாருக்குக் காப்பீடு எடுக்கலாமா, பிரீமியத் தொகையை மாதந்தோறும் சேமித்து வைப்பதே மேலா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டிய பணம் திரும்பி வருமா என்ற கணக்கை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் லாபமும் பிரீமியத்தில் அடங்கியிருப்பதால், சராசரியாகப் பார்த்தால் கட்டியதைவிடக் குறைவாகவே கிடைக்கும். பொம்மையை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்ட நாய்க்கு நாளையே அறுவை சிகிச்சை வேண்டுமென்றால், அந்தச் செலவை உங்களால் தாங்க முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் சேமிப்பே போதும். முடியாதென்றால் காப்பீடு எடுங்கள். குணப்படுத்தக்கூடிய ஒரு நோய்க்குப் பணமில்லை என்பதற்காகச் செல்ல நாயைக் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொடுப்பதைப் போன்ற துயரம் வேறில்லை, அப்படியொரு நாள் சேமிப்பு திரளும் முன்பே வந்துவிடவும் கூடும்.

எடுப்பதாக இருந்தால், நாய் நலமாக இருக்கும் இப்போதே எடுங்கள். பாலிசி தொடங்குவதற்கு முன்போ, அதன் காத்திருப்புக் காலத்திலோ (காப்பீடு நடைமுறைக்கு வரும் வரையுள்ள தொடக்க நாட்கள்) தென்பட்ட நோய்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் தருவதில்லை. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் முழங்கால் தசைநார்க் கிழிசலும் அதிகம் வருவதால், எவற்றுக்குப் பணம் கிடையாது என்று சொல்லும் விலக்குகள் பகுதியில் இவ்விரண்டையும் தேடிப் படியுங்கள். ஒரு காலில் முன்பே தசைநார் கிழிந்திருந்தால், மறு காலில் பின்னர் ஏற்படும் கிழிசலையும் பழைய நோயாகவே கருதும் விதி பல பாலிசிகளில் உண்டு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் கையெழுத்திட்ட பின் வாதாடிப் பயனில்லை.

செலவில் 80 சதவீதம் தருவதாக விளம்பரத்தில் இருந்தாலும் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. சிகிச்சைச் செலவு 100 பங்கு, நீங்கள் ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை 10 பங்கு என்றால், அதைக் கழித்த பின் 80 சதவீதம் கணக்கிடும் நிறுவனம் 72 பங்கு தரும். சதவீதத்தை முதலில் கணக்கிட்டுப் பின்னர் கழிக்கும் நிறுவனம் 70 பங்குதான் தரும். அந்தத் தொடக்கத் தொகை ஆண்டுக்கு ஒருமுறையா, நோய்க்கு ஒருமுறையா என்பதையும், நீரிழிவு போன்ற நீடித்த நோய்க்கு அடுத்த ஆண்டும் பணம் உண்டா என்பதையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். நாய்க்கு வயது கூடும்போது பிரீமியமும் உயரும் என்பதால், முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்.

தடுப்பூசியையும் ஆண்டுப் பரிசோதனையையும் சேர்க்கும் கூடுதல் திட்டம் பெரும்பாலும் தேவையில்லை. அவை முன்கூட்டியே தெரிந்த செலவுகள். பல நிறுவனங்கள் நீங்கள் மருத்துவமனையில் முழுத் தொகையையும் கட்டிய பிறகே தங்கள் பங்கைத் திருப்பித் தருகின்றன. ஆகவே காப்பீடு எடுத்தாலும், அந்தப் பணம் வரும் வரை சமாளிக்க ஒரு தொகையைத் தனியாக வைத்திருங்கள்.